ஆகும்பேயில் நிலம் ஏன் மலிவாகக் கிடைக்கிறது? மழைக்காட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கும் பணம் போட நினைப்பவர்களுக்கும் ஒரு விளக்கம்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் கொஞ்ச காலமாக ஒரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓசூர்ப் பக்கமும் தேவனஹள்ளிப் பக்கமும் ஒரு மனை வாங்கும் காசுக்குக் கர்நாடகத்தின் மலைப்பகுதியான மலநாட்டில் காட்டு ஓரமாகப் பாக்குத் தோட்டமே கிடைக்கிறதாமே, அதில் நாலு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்தினால் என்ன என்பதுதான் அது. கூடவே ஒரு குழப்பமும் சேர்ந்துவிட்டது. 2024 செப்டம்பரில் கர்நாடக அமைச்சரவை, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாதுகாக்கச் சொல்லும் கஸ்தூரிரங்கன் அறிக்கையை ஏற்க மாட்டோம் என்று முடிவெடுத்தது. உடனே, 'தடையெல்லாம் நீங்கிவிட்டது, இப்போதே வாங்கிப் போடுங்கள்' என்ற பேச்சு கிளம்பியது.

இந்தப் பேச்சு தவறு. ஏன் தவறு என்பதை ஆகும்பே என்ற ஒரே ஊரை வைத்துப் பார்க்கலாம். அங்கே நிலம் மலிவாகக் கிடைத்தால் அதற்கு மூன்று காரணங்கள் உண்டு: மழை, பயிர் நோய், தெளிவில்லாத உரிமை. இந்த மூன்றும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. யாரும் கண்டுபிடிக்காத ஊர் என்பதால் விலை குறைந்திருக்கிறது என்று நினைப்பவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

ஊர் இருக்கும் இடம்

ஷிவமொக்கா மாவட்டம், தீர்த்தஹள்ளி தாலுகா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம். பெங்களூரிலிருந்து துமகூரு, ஷிவமொக்கா, தீர்த்தஹள்ளி வழியாக ஏறத்தாழ 350 கிலோமீட்டர். சாலையில் ஏழெட்டு மணி நேரம். ஊர் சின்னது: ஒரு கடைத்தெரு, சில நூறு பேர், சுற்றிலும் காடு. சிருங்கேரி பக்கத்தில் இருப்பதால் அங்கே போகிற பக்தர்கள் இந்த வழியாகப் போவதுண்டு. 1980களில் 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடரை சங்கர் நாக் இங்கேதான் படமாக்கினார். அதில் வந்த 'தொட்ட மனெ' என்ற பழைய பெரிய வீட்டைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

ஊரை விட்டு மேற்கே கொஞ்ச தூரம் போனால் மலை சட்டென்று இறங்கிவிடும். 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஆகும்பே மலைப்பாதை அங்கிருந்து ஹெப்ரி, உடுப்பி நோக்கி இறங்குகிறது. குறுகிய பாதை என்பதால் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் போக்குவரத்தே நின்றுவிடும். பெரிய மருத்துவமனைகள் உள்ள மணிப்பால் இந்தப் பாதைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பாதை மூடிய நாளில் அவசர நோயாளியை எதிர்த்திசையில் தீர்த்தஹள்ளி, ஷிவமொக்கா என்று கொண்டுபோக வேண்டும். சுரங்கப்பாதை அமைக்கும் யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. 'சுரங்கம் வருகிறது, விலை ஏறும்' என்று சொல்லி நிலம் விற்கப் பார்ப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மழைக்காட்டுக்கு அடியில் போகும் திட்டம் வரைபடத்திலிருந்து தரைக்கு வர எத்தனை அனுமதிகள் வேண்டுமென்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மழை செய்யும் வேலை

அரபிக் கடல் நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு சமவெளியைத் தாண்டி வந்து இந்த மலைச்சுவரில் முட்டுகிறது. மேலே ஏறும்போது காற்று குளிர்கிறது, ஈரம் மழையாகக் கொட்டுகிறது. ஆகும்பே அந்தச் சுவரின் விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பதால் முதல் அடி முழுவதும் அதற்குத்தான்.

ஆண்டுச் சராசரி மழை 7,000 மில்லிமீட்டருக்கு மேல். பெங்களூருக்கு ஆண்டு முழுவதும் பெய்வது ஆயிரத்தைத் தொட்டும் தொடாமலும்தான். 1946 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் ஆகும்பேயில் 4,508 மில்லிமீட்டர் பதிவானது. இதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் பெய்துவிடுகிறது. முதலீட்டாளர் கவனிக்க வேண்டியது இந்த நான்கு மாதக் கணக்கைத்தான்.

கட்டுமான வேலைக்கு ஆண்டில் கிடைப்பது ஏழெட்டு மாதம். ஓடு, மரம், சுண்ணாம்பு எல்லாம் பாசி பிடிக்கும். மெத்தை, தலையணை, மின்சாதனம் எதுவும் சமவெளியில் உழைப்பதுபோல உழைக்காது. மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் சரிசெய்ய நாள்கணக்கில் ஆகலாம். சூரியத் தகடும் அந்த மாதங்களில் பெரிதாகக் கைகொடுக்காது. பழைய மலநாட்டு வீடுகள் சரிவான ஓட்டுக் கூரையும் நடுமுற்றமும் அகன்ற திண்ணையுமாகக் கட்டப்பட்டதற்குக் காரணம் இந்த மழைதான். தட்டைக் கூரையும் கண்ணாடிச் சுவரும் வைத்து 'வியூ' காட்டும் விடுதி இங்கே வேண்டாத செலவு.

சரிவில் மண்ணை வெட்டித் தளம் அமைப்பது இன்னும் ஆபத்து. 2018இல் குடகு, 2024 ஜூலையில் உத்தர கன்னடத்தின் ஷிரூர், அதே மாதம் 30ஆம் தேதி வயநாடு என்று தொடர்ந்து நிலச்சரிவுகளைப் பார்த்துவிட்டோம். பெருமழைதான் தூண்டுதல் என்றாலும், சரிவை வெட்டுவதும் தண்ணீர் வடியும் வழியை அடைப்பதும் மண்ணின் பிடிப்பைக் குறைக்கின்றன.

காடு யாருடையது: குழப்பத்தின் வேர்

முதலில் செய்தியில் அடிபடும் கஸ்தூரிரங்கன் விவகாரத்தை முடித்துவிடலாம்.

1. மாதவ் காட்கில் குழு 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் பாதுகாக்கும்படி பரிந்துரைத்தது. எதிர்ப்பு வந்ததால் கஸ்தூரிரங்கன் குழு அமைக்கப்பட்டு, 2013இல் மலைத்தொடரின் 37 சதவீதத்தை மட்டும் சூழல் உணர்திறன் பகுதியாக அறிவிக்கச் சொன்னது.

2. மத்திய அரசு 2014 முதல் திரும்பத் திரும்ப வரைவு அறிவிக்கை வெளியிட்டு வருகிறது. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31ஆம் தேதியிட்டது. ஆறு மாநிலங்களில் சுமார் 56,800 சதுர கிலோமீட்டர். அதில் கர்நாடகத்தின் பங்கு 20,668. தீர்த்தஹள்ளி தாலுகாவின் பல கிராமங்களும் பட்டியலில் உள்ளன.

3. இந்த வரைவு தடுப்பவை சுரங்கம், கல்குவாரி, மணல் அள்ளுதல், அனல் மின் நிலையம், அதிகம் மாசுபடுத்தும் சிவப்பு வகைத் தொழிற்சாலைகள், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்கள். நாலு அறை ஹோம்ஸ்டே இந்தத் தடைக்குள் வரவே வராது.

4. அறிவிக்கையை வெளியிடும் அதிகாரம் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசுக்கு இருக்கிறது. மாநில அமைச்சரவை எதிர்ப்பைப் பதிவுசெய்யலாம், பேச்சுவார்த்தை நடத்தலாம். அதன் முடிவால் வரைவு தானாகச் செத்துவிடாது.

ஆக, சிறு முதலீட்டாளருக்கு இந்த அறிக்கை வந்தாலும் வராவிட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. அவர் கையைக் கட்டிப்போடுபவை இதைவிடப் பழைய சட்டங்கள். ஆகும்பேயைச் சுற்றிக் காப்புக்காடு, பக்கத்தில் சோமேஸ்வரா வனவிலங்கு சரணாலயம், தெற்கே குதிரேமுக் தேசியப் பூங்கா. 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஆகும்பே காப்புக்காடும் அதில் ஒன்று. யுனெஸ்கோ பட்டியல் தனியாகச் சட்டம் எதுவும் போடுவதில்லை. ஆனால் உலகின் பார்வை அந்த இடத்தின்மேல் விழுந்துவிடுகிறது; வனத்துறை தளர்வு காட்டுவது கடினமாகிறது. இதே குதிரேமுக்கில் பொதுத்துறை நிறுவனமே நடத்திய இரும்புத் தாதுச் சுரங்கத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2005 இறுதியில் மூட வேண்டியிருந்தது.

அப்புறம், நிலத்தின் வகை. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா பார்த்துப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கர்நாடகத்தில் விவசாய நிலத்தின் அடிப்படை ஆவணம் பஹணி, ஆர்.டி.சி. என்றும் சொல்வார்கள். அதில் ஒருவர் பெயர் இருக்கிறது என்பதால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. மலநாட்டில் ஒரு தோட்டத்தோடு சேர்த்துக் காட்டப்படும் நிலம் கீழ்க்கண்டவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

- ஹிடுவளி: தனியாருக்கு முழு உரிமையுள்ள நிலம். வாங்கக்கூடியது இது மட்டும்தான்.

- சொப்பின பெட்டா: பாக்குத் தோட்டத்துக்குத் தழை எடுத்துக்கொள்ள விவசாயிக்குச் சலுகை தரப்பட்ட காட்டு நிலம். சலுகை மட்டுமே அவருடையது, நிலம் அரசுடையது. 'ரெண்டு ஏக்கர் தோட்டம், கூட ஆறு ஏக்கர் காடு' என்ற விளம்பரத்தில் வரும் அந்த ஆறு ஏக்கர் பெரும்பாலும் இதுதான். இதில் ஒரு குடிசை போட்டாலும் ஆக்கிரமிப்பு.

- பகர் ஹுகும்: அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் பயிரிட்டுவிட்டு, முறைப்படுத்தக் கேட்டு விண்ணப்பித்திருக்கும் நிலம். விண்ணப்பம் கொடுத்த ரசீது உரிமைப் பத்திரமாகாது.

- கோமாளா: ஊர் மேய்ச்சல் நிலம்.

- நான்காம் பிரிவு நிலம்: 1963ஆம் ஆண்டுக் கர்நாடக வனச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி 'இதைக் காப்புக்காடு ஆக்கப்போகிறோம்' என்று அரசு அறிவித்து, 17ஆம் பிரிவின் இறுதி அறிவிப்பு வராமல் பல்லாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருப்பது. பஹணியில் தனியார் பெயர் இருக்கும். வனத்துறை வரைபடத்தில் காடு என்று இருக்கும். இரண்டு துறைகளும் கூட்டு அளவை செய்து முடிக்கும் வரை யாருக்கும் நிம்மதி இல்லை.

- எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களுக்கு அரசு வழங்கிய நிலம்: பி.டி.சி.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முன் அனுமதி இல்லாமல் விற்றால் விற்பனையே செல்லாது. காலம் கடந்துவிட்டது என்ற வாதம் எடுபடக்கூடாது என்பதற்காக 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. பறிபோன நிலத்தை ஏழைக் குடும்பம் மீட்பதற்காக வந்த நியாயமான சட்டம் இது. இடையில் வாங்கியவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்ப முடியாது.

இவற்றுக்கு மேல் 'கருதப்படும் காடு' என்று ஒன்று உண்டு. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் எப்படி இருந்தாலும் காடாக இருப்பது காடுதான் என்று சொன்னது. கர்நாடகம் அப்படி அடையாளம் கண்ட பரப்பைப் பின்னர் வெகுவாகக் குறைத்து, 2022இல் சுமார் 3.3 லட்சம் ஹெக்டேர் என்று சொன்னது. பட்டியலிலிருந்து நீங்கிய நிலத்தின் நிலை சர்வே எண்வாரியாகப் பார்த்தால்தான் புரியும்.

இன்னொரு பக்கம், வாங்குவது எளிதாகியிருப்பதும் உண்மை. விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடையாக இருந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் 2020இல் நீக்கப்பட்டன. பெங்களூர்ப் பணம் மலநாட்டுக்குப் பாய்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் வாங்குவது வேறு, கட்டுவது வேறு. விவசாய நிலத்தில் விடுதி கட்ட நில வருவாய்ச் சட்டத்தின் 95ஆம் பிரிவுப்படி நில மாற்ற உத்தரவு, அதாவது நிலத்தை விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு மாற்றும் உத்தரவு வேண்டும். காட்டை ஒட்டிய நிலமென்றால் வனத்துறையின் கருத்தும் கேட்கப்படும்.

பணம் போட்ட பிறகு என்ன நடக்கும் என்பதற்கு நம் நீலகிரியே சாட்சி. மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பும் வந்தது. அங்கும் பலரிடம் பத்திரம் இருந்தது. வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு கர்நாடக வனத்துறை அமைச்சரும் மேற்குத் தொடர்ச்சி மலையில் 2015க்குப் பிறகு முளைத்த ஆக்கிரமிப்புகளையும் சட்டவிரோத விடுதிகளையும் அகற்ற உத்தரவிட்டார்.

தோட்டம் ஏன் விற்பனைக்கு வருகிறது

தலைமுறை தலைமுறையாகப் பாக்கு வளர்த்த குடும்பம் சும்மா நிலத்தை விற்காது. சிருங்கேரி, கொப்பா பக்கம் மஞ்சள் இலை நோய் பல ஆண்டுகளாகத் தோட்டங்களை அழித்து வருகிறது. முழுமையான மருந்து இல்லை. அண்மை ஆண்டுகளில் இலைப்புள்ளி நோயும் தீர்த்தஹள்ளி தாலுகாவில், குறிப்பாக ஆகும்பேப் பகுதியில், கடுமையாகப் பரவியது. மழைக்காலத்தில் வரும் காய் அழுகல் நோய்க்குப் போர்டோக் கலவை தெளிக்க வேண்டும். நனைந்த பாக்கு மரத்தில் ஏறித் தெளிக்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் 'பாக்கு வருமானம் ஒரு பக்கம், ஹோம்ஸ்டே வருமானம் ஒரு பக்கம்' என்று கணக்குப் போடக்கூடாது. விற்பவர் எந்த வருமானம் நின்றதால் விற்கிறாரோ, அதையேதான் வாங்குபவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பல பேரிடம் பணம் வாங்கி, மொத்தமாகத் தோட்டம் நிர்வகித்து லாபம் தருவதாகச் சொல்லும் திட்டங்கள் தனி ரகம். 1990களின் தேக்கு வளர்ப்புத் திட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பட்டது பலருக்கு நினைவிருக்கும். அதன் பிறகு, 1999இல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. பணத்தைத் திரட்டி, நிர்வாகத்தையும் தானே வைத்துக்கொண்டு, லாபம் தருவதாகச் சொல்பவரிடம் செபி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஹோம்ஸ்டேயின் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். நாலு அறை. மழை நான்கு மாதம் போக மீதி எட்டு மாதத்தில் 35 வார இறுதிகள், வாரத்துக்கு இரண்டு இரவு. மொத்தம் 280 அறை இரவுகள். ஓர் இரவுக்கு 3,000 ரூபாய், எல்லா அறையும் நிரம்பியது என்றே வைத்தாலும் 8.4 லட்சம். பாதி நிரம்பினால் 4.2 லட்சம். இதில் சாப்பாடு, ஆள் சம்பளம், ஜெனரேட்டர், ஆண்டுதோறும் மழைக்குப் பிந்தைய பழுதுபார்ப்பு எல்லாம் கழிய வேண்டும். மழை பார்க்கவே வருகிறவர்கள் உண்டு, விடுமுறை வாரங்களில் கூட்டம் கூடும் என்று சேர்த்துக்கொண்டாலும், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் பெரும் தொகை போட்டவருக்கு வங்கி வட்டி மிஞ்சுவதே கஷ்டம்.

அதே கணக்கை உள்ளூர்க் குடும்பத்துக்குப் போட்டால் வேறு மாதிரி வரும். வீடு ஏற்கெனவே இருக்கிறது. அரிசி, பாக்கு, மிளகு வீட்டில் உண்டு. சமையல் வீட்டுச் சமையல். அவர்களுக்கு இரண்டு லட்சம் மிஞ்சினாலும் அது பாக்கு நோயில் போன வருமானத்தின் ஒரு பகுதியை ஈடுகட்டும். வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்தால்தான் ஹோம்ஸ்டே. பெங்களூரில் இருந்துகொண்டு மேலாளர் வைத்து நடத்துவது விடுதித் தொழில். அதற்கு உரிமமும் வரியும் தனி.

போகிறவர்களுக்கு

பார்க்க வேண்டியவை பல உண்டு: சூரியன் அஸ்தமிக்கும் காட்சிமுனை, ஜோகிகுண்டி, ஓனகெ அப்பி, பர்கானா அருவிகள், சமணக் கோயில் இருக்கும் குந்தாத்ரி மலை. இருந்தாலும் ஆகும்பேயின் தனிப்பெருமை ராஜநாகம். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 2005இல் இங்கே மழைக்காட்டு ஆய்வு நிலையம் தொடங்கினார். ராஜநாகத்தின் உடலில் ரேடியோக் கருவி பொருத்திப் பின்தொடரும் ஆய்வும் இங்கே நடந்தது. 2024இல் கௌரி சங்கர் தலைமையிலான குழு, ராஜநாகம் ஒரே இனம் இல்லை, நான்கு இனங்கள் என்று காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் இனத்துக்கு 'காளிங்கா' என்ற பெயர் கிடைத்தது. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் கடிக்கானது. ராஜநாகத்துக்கு அது ஏற்றதல்ல. இந்தப் பாம்பு மனிதரைக் கடிப்பது மிக அரிது. படமெடுக்கவும் கையில் பிடிக்கவும் ஆசைப்படுகிறவர்கள்தான் சிக்கலைத் தேடிக்கொள்கிறார்கள்.

எப்போது போவது? அக்டோபர், நவம்பர் நல்லது. அருவியில் தண்ணீர் இருக்கும், மழை குறைந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அட்டைக்கடிக்கும் மூடிய பாதைக்கும் தயாராக இருக்க வேண்டும். டிசம்பர் முதல் மே வரை வேறு ஒரு விஷயம் இருக்கிறது. பயணக் குறிப்புகளில் யாரும் எழுதாதது. 1957இல் இதே ஷிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர்க் காட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் அந்த மாதங்களில்தான் பரவும். காட்டு உண்ணி கடித்தால் வரும். முழுக்கைச் சட்டை, உண்ணி விரட்டி எண்ணெய், திரும்பியதும் வெந்நீர்க் குளியல், இவை கட்டாயம். செத்த குரங்கைக் கண்டால் கிட்டே போகாமல் சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல் வந்தால், பெங்களூர் மருத்துவரிடம் 'மலநாட்டுக் காட்டுக்குப் போய்வந்தேன்' என்று நீங்களே சொல்ல வேண்டும். இல்லையென்றால் டெங்கு என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் கூட்டம் நெரிந்த பிறகு இணையப் பதிவும் எண்ணிக்கை வரம்பும் கடுமையாகிவிட்டன. பழைய நக்சல் அச்சம் இப்போது பெரிதாக இல்லை. 2024 நவம்பரில் ஹெப்ரி காட்டில் நக்சல் தலைவர் விக்ரம் கௌடா கொல்லப்பட்டார், 2025 ஜனவரியில் நக்சல்கள் ஆறு பேர் சரணடைந்தார்கள். ஆனால் அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவது இப்போதும் குற்றம்.

பணம் போட்டே ஆக வேண்டும் என்றால்

நிலம் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. உள்ளூர்க் குடும்பத்தின் பழைய வீட்டைப் பழுதுபார்க்கக் கடனாகவோ லாபப் பங்காகவோ பணம் கொடுத்து, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டுக்கொள்வது சிறு முதலீட்டாளருக்குப் பொருத்தம். நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கும். நில மாற்றத் தலைவலி குறையும். மழையிலும் வீட்டைக் கவனிக்க ஆள் இருக்கும்.

அதையும் மீறி வாங்குவதென்றால் செய்ய வேண்டியவை:

1. 'பூமி' தளத்தில் பஹணியையும் உரிமை மாற்றப் பதிவுகளையும் எடுத்து, கன்னடம் தெரிந்த வழக்கறிஞரிடம் கொடுங்கள். நிலம் முதலில் யாருக்கு எப்படி வந்தது என்பதுவரை பின்னோக்கிப் போக வேண்டும். 'அரசு வழங்கியது' என்று எங்காவது வந்தால் நிறுத்திவிடுங்கள்.

2. 'திஷாங்க்' செயலியோடு அந்த இடத்தில் நின்று சர்வே எண்ணைச் சரிபாருங்கள். தரகர் காட்டும் வேலியும் பத்திரத்தில் இருக்கும் எல்லையும் ஒன்றா என்பது அங்கேயே தெரியும்.

3. வனச்சரக அலுவலகத்தில் அந்தச் சர்வே எண் 4ஆம் பிரிவு, 17ஆம் பிரிவு, கருதப்படும் காடு எதிலாவது வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி பதில் போதாது.

4. மலேகுடியர், ஹசலர் போன்ற பழங்குடிக் குடும்பங்கள் அந்த இடத்தில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை கோரியிருக்கிறார்களா என்று கிராம பஞ்சாயத்தில் விசாரியுங்கள். அவர்கள் உரிமை உங்கள் பத்திரத்தைவிட மூத்தது.

5. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஜூலையில் சில நாள் அந்த நிலத்துக்குப் பக்கத்து வீட்டில் தங்குங்கள். ஓடை எங்கே திரும்புகிறது, கிணற்றுத் தண்ணீர் கலங்குகிறதா, எத்தனை நாள் மின்சாரமும் போனும் இல்லை, கார் எதுவரை வருகிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 'ஜூலையில் வராதீர்கள், டிசம்பரில் காட்டுகிறேன்' என்று சொல்லும் தரகரிடம் வாங்காதீர்கள்.